இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற சொல்

அவரை நான் முதன்முதலில் பார்த்த அன்று, மேசைக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்து, சத்தம் வராமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். தேவாரம் சொல்கிறார் என்று நினைத்தேன். காலை ஒன்பது மணி, தமிழ் முகம், நெற்றியில் மெல்லிய திருநீறு. வேறு என்ன நினைப்பது? பிறகுதான் தெரிந்தது, ஒரு கடிதத்தில் "வருந்துகிறோம்" என்று போடுவதா, "கவனத்தில் எடுத்துக்கொண்டோம்" என்று போடுவதா என்று இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருந்துறம் எண்டு போட்டா பிழை எங்களில எண்டு வந்திடும், பிள்ளை," என்றார், நான் யாரென்றுகூடக் கேட்காமல். "கவனத்தில எடுத்தம் எண்டா ஒருத்தரிலயும் பிழை இல்லை."

அது லண்டனில் இருக்கிற ஒரு சிறிய தீவு நாட்டின் தூதரகம். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். வேலைக்குச் சேரும்போது நான் கையெழுத்து வைத்த தாள்கள் இன்னும் அவர்களிடம் இருக்கின்றன. வரவேற்பு மேசைக்கும் தட்டச்சுக்குமாக என்னை எடுத்திருந்தார்கள். அவர் மொழிபெயர்ப்பாளர். அந்த நாட்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஓடும். ஆகவே ஒவ்வொரு தாளும் இரண்டு மொழியிலும் வெளியே போகவேண்டும். அந்தக் கட்டடத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நான் அவரை அண்ணை என்றேன். அவர் என்னைக் கடைசிவரை பிள்ளை என்றுதான் கூப்பிட்டார், எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

வரவேற்பு மேசை மேலே வாசலருகில்; தட்டச்சுக்கு நான் இறங்கிப் போகிற எங்கள் அறை நிலத்துக்குக் கீழே. ஜன்னலில் இரும்புக் கம்பி, அதற்கு அப்பால் தெருவில் போகிறவர்களின் கால்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் அட்டை தேய்க்கவேண்டும். கைபேசியை வாசலில் ஒரு பெட்டிக்குள் வைத்துவிடவேண்டும். மத்தியானம் சாப்பிடவும் வெளியே போகமாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியப்பத்தை நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்து சாப்பிட்டால் சொல் ஓடாது என்பார். பத்தொன்பது வருடம் அந்த அறையில் அப்படியே இருந்திருக்கிறார். ஒவ்வொரு வருட முடிவிலும் அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். அதற்கு மேல் ஒரு உறுதியும் அவருக்குக் கிடையாது.

அவரிடம் இருந்த திறமை ஒன்றுதான். சண்டை பிடிக்கிற இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற சொல்லைக் கண்டுபிடிப்பார். மேல் மாடியில் பல நாட்டுத் தூதுவர்கள் மணிக்கணக்காக வாதாடுவார்கள். பிறகு ஒருவர் படியிறங்கி வந்து, வாசலில் நின்றபடி, அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நாங்கள் இப்படிச் சொல்கிறோம் என்பார். இவர் கண்ணை மூடுவார். வாய் அசையும். அரை மணித்தியாலத்தில் ஒரு சொல்லைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார். தாள் மேலே போகும், சிரிப்புச் சத்தம் கேட்கும். யாரும் அவரை மேலே கூப்பிட்டதில்லை.

"எங்கை படிச்சனீங்கள் அண்ணை இதை?" என்று கேட்டேன்.

"பாரிஸில. கோப்பை கழுவின இடத்தில."

அங்கே ஒரு உணவகத்தில் இரண்டு முதலாளிகள், அண்ணனும் தம்பியும். ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். ஒருவர் சொல்வதை மற்றவரிடம் இவர்தான் போய்ச் சொல்லவேண்டும். பிரெஞ்சை அப்படித்தான் படித்தாராம். "அண்ணன் தம்பியை மாடு எண்டுவான். நான் போய், உங்கட அண்ணர் கொஞ்சம் யோசிக்கச் சொன்னவர் எண்டுவன். எட்டு வருசம் கடை நல்லாத்தான் ஓடினது."

"பிறகு?"

"பிறகு ரெண்டு பேரும் ஒரு நாள் நேரில கதைச்சவை. கடையைப் பூட்டிப்போட்டினம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

லண்டனின் மேற்கே, அவர் குடியிருந்த ஹவுன்ஸ்லோவில் அவர் ஊர்ச் சங்கம் ஒன்று இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆண்டு விழாவை எந்தப் பக்கம் நடத்துவது என்று அடிபாடு. இவரிடம் வந்தார்கள். இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கக்கூடிய அறிவித்தல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். விழா நாளில் இரண்டு பக்கமும் ஒரே மண்டபத்துக்கு, ஒரே நேரத்துக்கு, தனித்தனி நாதஸ்வரக் கோஷ்டியோடு வந்து நின்றன. இரண்டு பக்கத்தின் கையிலும் இவர் எழுதிய அதே தாள். வாசித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரி. நகரசபைக் கவுன்சில் ஆட்கள் வந்து மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். மகள் ஒரு வெள்ளைக்காரப் பொடியனைக் கட்டப் போகிறேன் என்றாள். இவர், "யோசிக்கவேண்டிய விசயம்" என்றார். மகள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள். மனைவி இல்லை என்று எடுத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு இவர் போனார், மனைவி போகவில்லை. அதற்குப் பிறகு மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்திகரிக்கவேண்டி வந்தது. தாய்க்கும் மகளுக்கும் இடையில் இன்னும் இவர்தான் செய்தி கொண்டுபோகிறார் என்று ஒருமுறை சொன்னார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எப்படி மாற்றிச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி, அந்த அக்கா, என்னிடம் சொன்னார்: "முப்பது வருசமாச்சு தங்கச்சி. இந்த மனுசனுக்கு என்னிலை கோவமா இல்லையா எண்டே எனக்கு இண்டைக்கும் தெரியாது."

அந்தத் தூதரகம் இருந்ததற்குப் பெரிய காரணம் ஒரு வழக்கு. நீதிமன்றத்து வழக்கு இல்லை, நாடுகளின் வழக்கு. அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கொடுக்கும் நேரத்தில், ஆண்ட நாடு தூரத்தில் கிடந்த சில சின்னத் தீவுகளைத் தனக்கென்று பிரித்து வைத்துக்கொண்டது. அங்கே பரம்பரையாக இருந்த சனத்தைக் கப்பலில் ஏற்றி வேறு இடங்களில் இறக்கிவிட்டது. தீவுகள் எங்களுடையவை என்று சிறிய நாடு சொல்கிறது. இல்லை என்று பெரிய நாடு சொல்கிறது. நியூயோர்க்கில் உலகநாடுகள் கூடுகிற சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவந்து வாக்குக்கு விட வேண்டும். எந்த நாடு எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பேசிச் சேர்க்கிற வேலையில் பாதி லண்டனில் நடந்தது, ஏனென்றால் எல்லா நாட்டுக்கும் இங்கே ஆள் இருந்தது. அதற்குப் பொறுப்பு எங்கள் துணைத் தூதுவர். ஐம்பது வயதுப் பெண்மணி. வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், எங்கள் பெயர்களைச் சரியாக உச்சரிப்பார். கெட்டவர் என்று இன்றைக்கும் என்னால் சொல்லமுடியாது.

அந்தத் தீவுகளிலிருந்து ஏற்றப்பட்டவர்களில் கொஞ்சப் பேர் கடைசியில் ஹவுன்ஸ்லோவில் வந்து ஒதுங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு வயதான அம்மா இருந்தார். விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். எழுத வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு செவ்வாயும் நீல நிறக் கோட்டுப் போட்டு வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். மேலே யாரும் அவரைக் கூப்பிடமாட்டார்கள். அண்ணைதான் கீழேயிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய மொழி பிரெஞ்சுக்குக் கிட்ட வரும் என்பதால், பேசிக்கொண்டிருப்பார். பிறகு எனக்குத் தமிழில் சொல்வார்.

அவரை ஏற்றிய அன்று அவருக்கு ஏழு வயது. அப்பா மீன்பிடிக்கப் போயிருந்தார். கப்பல் காத்திருக்கவில்லை. அப்பாவை அடுத்த கப்பலில் ஏற்றி வேறொரு துறைமுகத்தில் இறக்கினார்கள். ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க நான்கு வருடம் எடுத்தது. கண்டுபிடித்தபோது அப்பாவுக்கு மகளை அடையாளம் தெரியவில்லை.

"அதைக்கூடப் பெரிசாச் சொல்ல மாட்டா," என்றார் அண்ணை. "ஒண்டுதான் திரும்பத் திரும்பச் சொல்லுவா. எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு. அண்டைக்கு ஏத்தினவனும் கேக்கேல்லை, இண்டைக்குத் தீவு என்ரை எண்டு சொல்லுறவனும் கேக்கேல்லை எண்டு."

தீர்மானத்தின் முதல் வரைவில் அண்ணை ஒரு வசனத்தைச் சேர்க்க வைத்தார். தீவுகளின் எதிர்காலம் "அத்தீவு மக்களின் விருப்பத்தின்படி" முடிவாகும் என்று. துணைத் தூதுவருக்கு அது பிடித்திருந்தது. அழகாக இருக்கிறது, மனிதத்தன்மை இருக்கிறது என்றார். அடுத்த செவ்வாய் அண்ணை வரைவின் அந்தப் பக்கத்தை வரவேற்பு மேசைக்குக் கொண்டுவந்தார். கொண்டுவரக்கூடாது, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அம்மாவுக்கு அவருடைய மொழியில் வாசித்துக் காட்டினார். அம்மா இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு சுட்டுவிரலை நீட்டி, எது அந்தச் சொல் என்று கேட்டார். அண்ணை காட்டினார். அம்மா அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

அந்த ஞாயிறு, தேவாலய மண்டபத்தில் தன் ஆட்களைக் கூட்டி, சொல் உள்ளே போய்விட்டது என்று சொன்னாராம்.

வாக்கெடுப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது துணைத் தூதுவர் படியிறங்கி வந்தார். வாசலில் நிற்காமல் உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எட்டுப் பத்து நாடுகள் பின்வாங்குகின்றன என்றார். அந்த நாடுகளுக்குள்ளும் எங்களைக் கேளுங்கள் என்று சொல்கிற சனம் இருக்கிறது. இன்றைக்கு இந்தத் தீர்மானத்தில் "விருப்பம்" என்ற சொல்லுக்குக் கை தூக்கினால், நாளைக்கு அதே சொல் தங்கள் வாசலுக்கு வரும் என்று பயப்படுகிறார்கள். சொல்லை மாற்றாவிட்டால் வாக்களிக்காமல் இருந்துவிடுவார்கள். அந்த எட்டுப் பத்தைப் பார்த்து இன்னும் பல நாடுகள் எதிர்ப்பக்கம் போய்விடும், தீர்மானம் விழும்.

"முழுதாக எடுத்துவிடவும் முடியாது," என்றார். "தீவு மக்களை மறந்துவிட்டார்கள் என்று பெரிய நாடு பிரசாரம் செய்யும். ஒரு சொல் வேண்டும். உங்களால் மட்டும்தான் முடியும்."

அண்ணை கண்ணை மூடவில்லை. "கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்" என்றார். வேலைக்கு நடுவில் அவர் வெளியே போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். கம்பிக்கு வெளியே அவருடைய கபில நிறச் சப்பாத்து ஒருமுறை இந்தப் பக்கம் போனது, பிறகு அந்தப் பக்கம் வந்தது, பிறகு திரும்பவும் போனது. மழை பெய்துகொண்டிருந்தது. நனைந்தபடி உள்ளே வந்து, துண்டுத்தாளில் எழுதினார்: "அத்தீவு மக்களின் நலன்களைக் கருத்தில் கொண்டு."

துணைத் தூதுவர் அதை வாசித்து, மூச்சு விட்டு, அவர் தோளைத் தட்டிவிட்டு மேலே ஓடினார்.

"அண்ணை, நலனும் விருப்பமும் ஒண்டே?" என்று கேட்டேன்.

"ஒண்டில்லை."

"என்ன வித்தியாசம்?"

"விருப்பத்தை அறியிறதெண்டா ஆக்களைக் கேக்கவேணும், பிள்ளை. நலனை மற்ற ஆக்களே முடிவெடுக்கலாம்."

"அப்ப ஏன் எழுதிக் குடுத்தனீங்கள்?"

"குடுக்காட்டித் தீர்மானமே விழுந்திடும். விழுந்தா அவைக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை." தலையைத் துவாயால் துடைத்துக்கொண்டே இருந்தார். தலை காய்ந்த பிறகும் துடைத்தார். "நான் மாட்டன் எண்டு சொன்னாலும், அவ வேறை ஆரையேன் பிடிச்சு இதிலும் மோசமான சொல்லைப் போட்டிருப்பா. இதிலையாவது மக்கள் எண்டு ஒரு சொல் நிக்குது."

அவர் சொன்னது எல்லாம் சரி.  ஆனாலும் ஒன்று கேட்டேன்.

"அந்த அம்மாவுக்குச் சொல்லுவியளோ?"

"சொல்லத்தான் வேணும்," என்றார். "செவ்வாய் வருவா தானே."

செவ்வாய் அந்த அம்மா வந்தார். அண்ணை கீழேயிருந்து மேலே வரவில்லை. வேலை அதிகம் என்று சொல்லச் சொன்னார். நான் போய்ச் சொன்னேன். அம்மா சிரித்தார், வெல்லுகிற நேரத்தில் வேலை இருக்கத்தானே செய்யும் என்பது மாதிரி. எனக்கு ஒரு இனிப்புப் பொட்டலம் தந்துவிட்டுப் போனார்.

வாக்கெடுப்பு நாள். நியூயோர்க்கில் காலை, எங்களுக்குப் பிற்பகல். மேல் மாடி மண்டபத்தில் பெரிய திரை வைத்து, தீவு மக்களை எல்லாம் அழைத்திருந்தார்கள். புகைப்படக்காரர்கள் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் நீலக் கோட்டு. அன்றைக்கு, மொழிபெயர்ப்பதற்காக, அண்ணையையும் முதல்முறையாக மேலே கூப்பிட்டிருந்தார்கள். என்னைத் தேநீர் கொடுக்க விட்டிருந்தார்கள்.

திரையில் நாடுகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் விளக்குகள் மாறின. பச்சை, பச்சை, பச்சை. பின்வாங்குவோம் என்ற நாடுகளும் பச்சைதான். தீர்மானம் பெரிய பெரும்பான்மையில் நிறைவேறியது. மண்டபம் எழுந்து கத்தியது. தீவுச் சனம் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஆடினார்கள். துணைத் தூதுவர் அழுதார். நானும்தான் அழுதேன், ஏன் என்று தெரியாமல்.

சத்தம் அடங்கிய பிறகு அந்த அம்மா எழுந்து அண்ணையிடம் வந்தார். அந்த வசனத்தை எல்லாருக்கும் கேட்க வாசி என்றார். என் பிரெஞ்சு அரைகுறை, ஆனால் அன்றைக்கு நடந்ததை விளங்கிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

அண்ணை தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். துணைத் தூதுவர் மூன்றடி தள்ளி நின்று, முகத்தில் சிரிப்பு மாறாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணையின் வாய் அசைந்தது. எனக்குத் தெரியும், அவர் தேடுகிறார். இவர்களும் ஒத்துக்கொள்ள, அவர்களும் ஒத்துக்கொள்ள, மூன்றாவதாக ஒரு சொல். அவ்வளவு நேரம் அவர் தேடி நான் பார்த்ததில்லை. கடைசியில், இருந்ததை இருந்தபடி வாசித்தார்.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். "அந்தச் சொல் எங்கே?"

"இல்லை."

"யார் எடுத்தது?"

"நான்தான் மாற்றினேன். மாற்றாவிட்டால் தோற்றிருப்போம்."

துணைத் தூதுவர் அண்ணையின் தோளில் கை வைத்தார். அம்மா அந்தக் கையைப் பார்க்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போல நிதானமாகச் சொன்னார்:

"நீயும் ஹவுன்ஸ்லோ, நானும் ஹவுன்ஸ்லோ. ஒரே பஸ்ஸில்தான் வருகிறோம். என்னைக் கேட்டிருக்கலாமே. நீ கேட்டிருந்தால், சரி மாற்று என்று நானே சொல்லியிருப்பேன்."

பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்தச் சனம் ஒவ்வொருவராக என்ன என்று கேட்டு, அவர் பின்னால் போனார்கள். மண்டபத்தில் நாங்களும் புகைப்படக்காரர்களும் தேநீர்க் கோப்பைகளும் மிஞ்சினோம்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் யாரும் வரவில்லை.

அண்ணை பஸ்ஸில் வருவதை விட்டார். நிலக்கீழ் ரயில் நிலையத்துக்கு வீட்டிலிருந்து நாற்பது நிமிடம் நடந்தே வந்தார், குளிரிலும். மத்தியானம் இடியப்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைப்பார். மேலேயிருந்து சொல் கேட்டு வருவார்கள், அவர் கொடுப்பார், கை தானாகவே எழுதும். அவருக்குச் சம்பளத்தோடு பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. அதையும் அவரையே பிரெஞ்சில் மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். ராஜினாமாக் கடிதம். "தற்போதைய சூழலைக் கருத்தில் கொண்டு, எனது பணியின் தொடர்ச்சி பற்றி மீளச் சிந்திக்கும் வாய்ப்பை வரவேற்பேன்" என்று தொடங்கியிருந்தது.

"அண்ணை, இது லீவுக் கடிதம் மாதிரிக் கிடக்கு," என்றேன்.

வாங்கிப் பார்த்தார். "ஓம், பிள்ளை. ஏழாந்தரம் எழுதுறன். நேரா எழுத வருகுதில்லை." மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "எழுதினாலும் எங்கை போறது? அம்பத்தெட்டு வயசு. மனுசியின்ரை ஆஸ்பத்திரி நாளுகளில என்னை வெள்ளனப் போக விடுறவை இஞ்சை மட்டும்தான்."

நான் ஆறுதலாக எதையோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், அதே மாதிரி வருடாவருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்.

அடுத்த வருட நடுப்பகுதியில் இரண்டு நாடுகளும் பேச்சுவார்த்தை தொடங்கின. கேமராக்களுக்கு முன்னால் கைகுலுக்கினார்கள். அந்தப் பேச்சின் முதல் முடிவாக, ஹவுன்ஸ்லோத் தீவு மக்களுக்கு ஒரு கடிதம் தயாரானது. தீவுகளில் குடிநீர் இல்லை, வைத்தியம் இல்லை, எனவே "மக்களின் நலன்களைக் கருத்தில் கொண்டு" இப்போதைக்கு எவரும் திரும்பக் குடியேற்றப்படமாட்டார்கள். ஆங்கிலத்தை நான் தட்டினேன். அண்ணையின் சொல் மூன்றாவது வரியில் இருந்தது. பிரெஞ்சுக்கு அவரிடம் கொடுத்தேன்.

வாசித்தார். திரும்ப வாசித்தார். "இதை நாளைக்குத் தாறன்," என்றார்.

தாளை மடித்து, சட்டைப் பையில் வைத்து, வெளியே போனார். அங்கே எதையும் வெளியே கொண்டுபோகக்கூடாது. 

மறுநாள் காலை அவரே சொன்னார். நேராக அந்த அம்மாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டாம் மாடி கவுன்சில் வீடு. அம்மா கதவைத் திறந்து, உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று கடிதத்தை அவருடைய மொழியில் வாசித்துக் காட்டியிருக்கிறார். வாசித்துவிட்டு, இதை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், அனுப்பவா என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னவ?"

"இன்னொருக்கா வாசிக்கச் சொன்னா. பிறகு சொன்னா, அனுப்பு, ஆனா ஒரு வரி சேர் எண்டு."

"என்ன வரி?"

அவர் தட்டச்சுச் செய்யத் தொடங்கினார். அன்றைக்குக் கண்ணை மூடவில்லை, வாய் அசையவில்லை. முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். துணைத் தூதுவர் ஆங்கிலத்தை ஒருமுறை பார்த்தார், பிரெஞ்சைப் பார்க்காமல் கையெழுத்து வைத்தார். பத்தொன்பது வருடத்தில் அண்ணையின் மொழிபெயர்ப்பை யாரும் சரிபார்த்ததில்லை. கடிதம் தீவு மக்களுக்கும், பிரதி மற்றத் தூதரகங்களுக்கும் போனது.

பிரெஞ்சில் கடைசி வரி இப்படி இருந்தது: "இது குறித்துத் தீவு மக்களைக் கேட்டோம், அவர்கள் மறுத்தார்கள்."

மூன்றாம் நாள் அது பத்திரிகையில் வந்தது. மேல் மாடியில் அன்றைக்கு முழுக்கத் தொலைபேசி அடித்தது. அண்ணையைக் கூப்பிட்டு, இது தவறுதலாக நடந்ததா என்று கேட்டார்கள். தவறுதல் என்று அவர் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். துணைத் தூதுவர் அந்தச் சொல்லை அவர் வாயில் வைக்கப் பார்த்தாராம். "இல்லை, கேட்டேன், மறுத்தார், எழுதினேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கீழே வந்து சாப்பாட்டுப் பெட்டியையும் குடையையும் எடுத்தார். பின்னால் ஒரு காவலாளி நின்றான். "வாறன், பிள்ளை," என்றார். அட்டையை வாசலில் வாங்கிக்கொண்டார்கள். கம்பிக்கு வெளியே அவர் கால் போனதா என்று பார்த்தேன். கால்கள் நிறையப் போயின. எது அவருடையது என்று தெரியவில்லை.

ஒரு மணித்தியாலத்தில் துணைத் தூதுவர் என் மேசைக்கு வந்தார். மறுப்புக் கடிதம் உடனே போகவேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முந்திய கடிதத்தின் கடைசி வரி மொழிபெயர்ப்புப் பிழை, அப்படி யாரும் கேட்கப்படவில்லை. அந்த வரியைத் தட்டும்போது என் கை நின்றது. துணைத் தூதுவர் என்னைப் பார்த்தார். தட்டினேன்.

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். புதிதாக வந்த மொழிபெயர்ப்பாளர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அந்த அறையில் நான் தனி.

ஏழெட்டு மாதம் கழித்து ஹவுன்ஸ்லோ பஸ் நிலையத்தில் அண்ணையைக் கண்டேன். மெலிந்திருந்தார். மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். அக்கா என் கையைப் பிடித்துச் சுகம் கேட்டார். பிள்ளைகளைப் பற்றி, குளிரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். இப்போது ஒரு மருந்துக் கடையில் பெட்டி அடுக்குவதாக அண்ணை சொன்னார்.

எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணை, அந்த மறுப்புக் கடிதத்தை நான்தான் ரைப் பண்ணினனான்."

"தெரியும்."

"என்னிலை கோவமே?"

அவர் மனைவியின் சால்வையை இழுத்துச் சரிசெய்தார். பஸ் வந்து கதவு திறந்தது. நாற்காலிக்கான பலகை இறங்கும் வரை நின்று, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "கோவம்தான்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏறினார். அதே பஸ்தான் எனக்கும். நான் ஏறவில்லை.